அவுக இருந்த அறை

ஐப்பசி மழையில் ஊர் ஜனங்கள் மிதித்துவிட்டுப் போகிற சேற்றை ஒருத்தி தினமும் கழுவித் தள்ளவேண்டும் என்றால், அவளுடைய தேசபக்தி எவ்வளவு நாள் தாங்கும்? பார்வதியம்மாளுக்கு மூன்று வருஷம் தாங்கியது. அதற்குமேல் இடுப்பு கேட்கவில்லை.

திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்கு இறங்குகிற பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. முன்னால் தார்சா என்கிற திண்ணைத் தாழ்வாரம், அடுத்து பட்டாசல் என்கிற பெரிய கூடம், அப்புறம் வானம் பார்த்த முற்றத்தோடு இரண்டாம் கட்டு, அதன் ஒரு பக்கம் அரங்கு என்கிற இருட்டு உள்ளறை, கடைசியில் அடுக்களை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் வரைக்கும் அது மனிதர்கள் குடியிருந்த வீடு. அந்த வருஷம் அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போனார். அவர் காங்கிரஸ் மகாசபைக்குக் கல்கத்தா வரை போய் வந்தவர். சீமைத்துணியைத் தீண்டாதே என்று மேடைக்கு மேடை முழங்கியவர். பட்டணத்துப் பத்திரிகைகள் அவரைச் சிங்கம் என்று எழுதின. சிங்கம் போன மறுமாதமே ஒரு சபை கூடி, வீட்டை ஞாபகார்த்த இல்லமாக்கிவிட்டது. பார்வதியம்மாளிடமும் சம்மதம் கேட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அழுதுகொண்டிருந்த பெண்பிள்ளை ஏதோ தலையை அசைத்தாள், அது போதுமென்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பெயரைச் சொல்ல நமக்கென்ன தடை? நமச்சிவாயம் பிள்ளை. பார்வதியம்மாள் சொல்லமாட்டாள். பன்னிரண்டு வயதில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் நாக்குக்கு விலக்கு. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆயுசே முடிந்தபிறகு குறைய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருபத்தைந்து வருஷப் பழக்கம் அப்படியெல்லாம் கேட்காது.

தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள், பாபநாசத்திலிருந்து வந்தார்கள், திருச்செந்தூருக்குப் போகிற வழியில் முருகனுக்கு முன்னால் இவரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒருவன் வருவான். சாதாரண வேட்டி சட்டைதான், ஆனால் நிற்கிற நிலையிலேயே போலீஸ்காரன் என்று தெரிந்துவிடும். வாசலில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிற ஒரே ஆள் அவன்தான் என்பதால் பார்வதியம்மாளுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

மற்ற எல்லோருக்கும் அவள் கதவோரம் தண்ணீர் வைத்தாள், தரை கழுவினாள், "அம்மா, ஐயா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பவர்களுக்குப் பதிலும் சொன்னாள். "தண்ணி கேட்டாக" என்பதுதான் உண்மை. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபிறகு சும்மா இருந்துவிடுவாள்.

சபையின் காரியதரிசி சிவசண்முகம் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம். இவரோ நமச்சிவாயம் பிள்ளையின் பேச்சைச் சொல்லும்போதே கண்கலங்குகிற ஜாதி. சபை கூடிய மறுநாளே நோட்டும் பென்சிலுமாக வந்து பட்டாசலில் உட்கார்ந்தார். பார்வதியம்மாள் இரண்டாம் கட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். வேற்று ஆண்பிள்ளைக்கு முன்னால் வருகிற நிலைமையா அது?

முதலில் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, "இது யாரும்மா?" என்றார்.

"மாமா" என்றாள். மாமனாருடைய படம்.

"இந்த நாற்காலி?"

"அவுகளுது."

"தடி?"

"அவுகளுது."

"குடை?"

"எல்லாம் அவுகளுதுதான்."

அவள் மாமாவையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் இந்தச் சீமையில் தாலி கட்டிக்கொண்ட ஒருத்தி பேர் இல்லாமல் 'அவுக' என்றால், அது யார் என்று கேட்கிற மூடன் உண்டா? சிவசண்முகம் மூடன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக 'ஐயா அவர்களுடையது' என்று எழுதிக்கொண்டார். கடைசியாக அரங்கு. அதில் யார் இருந்தது என்று கேட்டதும் பார்வதியம்மாளுக்கு மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. கைகால் விளங்காமல் மூன்று வருஷம் அந்த அறையில் கிடந்து, அவள் கையால் கஞ்சி குடித்துச் செத்த அத்தை. அழுகை முட்டிக்கொண்டு வர, "கடைசி வரைக்கும் அவுக இங்கனதான் இருந்தாக" என்றாள்.

அவ்வளவுதான். பத்தே நாளில் அரங்குக்குப் பூட்டு வந்தது. சாவி வாத்தியார் இடுப்பில் ஏறியது. பார்வதியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. பொருளுக்குப் பொருள் ஒட்டிய காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு இடமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போய், படுக்கை, இருப்பு, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் அடுக்களையோடு என்று ஆகிப்போனாள்.

அந்த ஐப்பசியில் மகள் கோமு தலைப்பிரசவத்துக்கு வந்தாள். களக்காட்டிலிருந்து வில்வண்டியில் குலுங்கி வந்து இறங்கியவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. அப்பா காரியம் முடிந்து புருஷன் வீட்டுக்குப் போனவள், மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறாள். அவளுக்கு அப்பா எழுத்து சொல்லிக்கொடுத்திருந்தார். பட்டாசலைக் கடக்கும்போது நாற்காலிப் பக்கம் குனிந்து பார்த்தாள். "ஐயா அவர்கள் சிங்காதனம்போல் வீற்றிருந்த நாற்காலி" என்று வாய்விட்டு வாசித்துவிட்டு, "ஏ அம்மா, இது தாத்தா நாற்காலில்லா? அப்பாக்கு இதுல உக்காந்தா கால் மரத்துப்போகும்பாகளே" என்றாள்.

"என்னளா சொல்லுத?"

"இங்க பாரு. 'ஐயா அவர்கள் தேசம் முழுதும் ஊன்றிச் சென்ற தடி'. தாத்தா இத ஊணிக்கிட்டு வாய்க்காலுக்குத்தான போவாக! மூணு வருசமா ஊர்ல உள்ளவன் எல்லாம் தாத்தா தடியவா தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான்?" கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்வதியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அரங்கு வாசலுக்கு வந்து அங்கே ஒட்டியிருந்ததைக் கோமு படித்தபோதுதான் சிரிப்பு நின்றது. "ஐயா அவர்கள் தனித்திருந்து தேசத்துக்காக எழுதிய தவச்சாலை. பாதரட்சைகளைக் கழற்றவும்."

அந்த வீட்டுப் பெண்கள் பேறுகாலத்துக்கு வந்தால் அரங்கில்தான் படுப்பார்கள். நாத்தனார்மார் மூன்று பேரும் அங்கேதான் பெற்றார்கள். காற்றும் சாரலும் அண்டாத இடம் அது ஒன்றுதான். பிள்ளை பார்க்க வந்த மருத்துவச்சி தங்கத்தாய் கோமுவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாலு நாளு தாங்குனா பெருசு ஆச்சி. அரங்கத் தொறந்து சாணி மெழுகிப் போடுங்க. இந்த மழையில முத்தத்துலயா பிள்ளயப் போடுவா? அடுக்களையில வச்சுப் பாக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். சைவ வீட்டில் அடுப்புப் பக்கத்தில் பேறுகாலத் தீட்டா? அது அவள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வாத்தியார் வந்ததும் பார்வதியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "தம்பி, அரங்குச் சாவி வேணும். பிள்ளைக்குப் பேறுகாலம்."

சிவசண்முகம் பதறிப்போனார். "அம்மா, அது ஐயா இருந்த எடம்லா! அங்கன போயித் தீட்டு..."

"அவுக இருக்கல தம்பி. அவுகதான் இருந்தாக."

வாத்தியார் விழித்தார். பார்வதியம்மாளுக்கே தான் சொன்னது தலைகீழாகக் கேட்டது. "அத்தை. எங்க அத்தை மூணு வருசம் கெடந்த அறை" என்று திருத்தினாள்.

அவர் நோட்டைப் பிரித்துப் பென்சிலை எடுத்தார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவரோ எழுதிக்கொண்டே, "தாயார் காலடியில இருந்து எழுதியிருக்காக. இது எனக்குத் தெரியாமப் போச்சே அம்மா" என்றார். மறுநாள் அரங்குக் காகிதத்தில் ஒரு வரி கூடியிருந்தது. கோமு அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளே கதவைத் தாண்டிக் குரல்கொடுத்து, அப்பா அந்த அறையில் எழுதவே இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். "கொழந்தைக்கு அப்ப வெவரம் தெரியாத வயசு. அம்மா வாயால சொன்னத அப்படியே எழுதி வச்சிருக்கேன்லா" என்று வாத்தியார் நோட்டைத் தட்டிக் காட்டினார்.

சொன்னதைத் திருத்தத் திருத்த அது இன்னும் புனிதமாகிக்கொண்டு போனால் மனுஷி என்ன செய்வாள்? போதாக்குறைக்கு வியாழக்கிழமை பட்டணத்திலிருந்து ஒரு பெரிய வக்கீல் வருகிறாராம். அரங்கில் அணையாவிளக்கு ஏற்றி வைக்கப்போகிறாராம். ஏற்றியபிறகு விளக்குக்கு எண்ணெய் விட மட்டுந்தான் கதவைத் திறப்பார்களாம். "சபையில பேசுதேன்" என்றார் வாத்தியார். சபை பேசியது. பேறுகாலத்தை நாத்தனார் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லி அனுப்பியது. நாத்தனார் வீடு ஆற்றுக்கு அக்கரையில். ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை விடியும்போதே கோமுவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது.

பார்வதியம்மாள் அடுக்களையில் வருகிறவர்களுக்குச் சுக்குவெந்நீர் போடுவதும், முற்றத்து ஓரமாகச் சாரல் படாத மூலையில் பாயில் கிடந்த மகள் தலையைத் தடவுவதுமாக இருந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் பாயின் விளிம்பில் சொட்டியது. பாயை இழுத்துப் போட்டாள். இன்னொரு இடத்தில் சொட்டியது. பத்து மணி வாக்கில் பட்டாசல் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். வாத்தியார் குரல் கணீரென்று கேட்டது, நாற்காலி, தடி, குடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஆச்சி, இனி நேரம் இல்ல" என்றாள் தங்கத்தாய். "சாவிய வாங்குதியளா, நான் போயி அந்த வாத்தியார் மடியில கைபோட்டு உருவட்டுமா?"

செய்யக்கூடியவள்தான். பார்வதியம்மாள் கோமுவைப் பார்த்தாள். கோமு உதட்டைக் கடித்துக்கொண்டு, பட்டாசலுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று வலியை விழுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பார்வதியம்மாளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. பிறந்த வீட்டில், பேறுகாலத்தில், ஒரு பிள்ளை வாய்விட்டுக் கத்தக்கூட முடியாதா? வெள்ளைச்சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தாள். மூன்று வருஷத்தில் ஆட்கள் இருக்கும்போது அவள் பட்டாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பேச்சு நின்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நடுவில் தலைப்பாகையோடு வயதான ஒருவர் நின்றார், அவர்தான் வக்கீல். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் வந்த அலுப்பு முகத்தில் அப்பியிருந்தது. புனிதமான நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதால் பாவம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"அரங்கத் தொறக்கணும்" என்றாள் பார்வதியம்மாள். "எம் மக பேறுகாலத்துல கெடக்கா. அது அவுக எழுதுன அறை இல்ல."

"அம்மா வேதனையில சொல்லுதாக" என்று வாத்தியார் குறுக்கிட்டார். நோட்டைப் புரட்டினார். "கடைசி வரைக்கும் அவுக இங்கனதான் இருந்தாகன்னு அம்மா சொல்லி நான் எழுதினது. தேதி போட்டிருக்கேன்."

"அது அவுக இல்ல! நான் சொன்னது அவுகள!"

வக்கீலுக்குத் தலை சுற்றியிருக்கவேண்டும். கோர்ட்டில் சாட்சியிடம் பேசுகிற நிதானத்தோடு, "அம்மா, இரண்டு பேரையும் 'அவுக' என்கிறீர்கள். யார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும். அந்த அறையில் இல்லாதவர் யார்?" என்று கேட்டார்.

யார். 'அவுக' யார் என்றுதானே இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பார்வதியம்மாளுக்குத் தொண்டைவரை வந்த சொல்லை இருபத்தைந்து வருஷம் பின்னுக்குப் பிடித்து இழுத்தது. உள்ளேயிருந்து கோமு, "அம்மா!" என்று அலறினாள்.

"நமச்சிவாயம்" என்றாள் பார்வதியம்மாள்.

கூட்டத்தில் நின்ற பட்டைவிபூதிப் பெரியவர் ஒருவர் சட்டென்று கைகளைத் தலைக்குமேல் கூப்பி, "நமச்சிவாய!" என்றார். பாவம், பிரசவ வேதனைக்குச் சுவாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நமச்சிவாய, நமச்சிவாய" என்றார்கள். பட்டாசல் முழுக்க அந்தச் சொல் சுற்றி வந்தது.

அவள் அது அடங்கும்வரை நின்றாள். அப்புறம் சொன்னாள்: "சாமி பேரச் சொல்லலய்யா. எம் புருசன் பேரச் சொல்லுதேன். நமச்சிவாயம். நமச்சிவாயம் பிள்ளை. அவுக அந்த அறைக்குள்ள ஒருநாளும் கால் வச்சதில்ல. இருட்டுன்னா அவுகளுக்குப் பயம். சின்னப்பிள்ளையில இருந்தே பயம். பெத்த தாயி மூணு வருசம் அங்கன கெடந்தாக, வாசல்ல நின்னுதான் எட்டிப் பாத்துப் பேசுவாக. போதுமா?"

பட்டைவிபூதிப் பெரியவர் கூப்பிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைய இறக்கினார். புருஷன் பேரை ஒரு சைவப் பெண்பிள்ளை பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் நடுவில் சொன்னாள் என்றால், அதற்குமேல் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவேண்டுமா? சிவசண்முகத்தின் முகம் செத்துப்போயிருந்தது. சிங்கத்துக்கு இருட்டென்றால் பயமா?

"சாவியைக் கொடுத்துவிடும்" என்றார் வக்கீல்.

வாத்தியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அதை அவள் முன்னால் தரையில் வைத்தார். பார்வதியம்மாள் குனிந்து எடுத்தாள்.

"அப்படியானால், அம்மா," வக்கீல் கொஞ்சம் தயங்கினார், "இந்த நாற்காலியும் அவருடையது இல்லையோ?"

"எங்க மாமாவோடது."

"அப்பாடா" என்று அவர் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அரங்கில் இருந்த மேஜையும் அணையாவிளக்கும் மாலை போட்ட படமும் ஐந்து நிமிஷத்தில் முற்றத்துக்கு வந்தன. தங்கத்தாய் கோமுவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். கோமு இப்போது தாராளமாகக் கத்தினாள். அந்தக் கத்தலுக்குப் பயந்தே பட்டாசல் காலியாயிற்று. தார்சாவில் செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, பிரமுகர்கள் மழையிலேயே இறங்கிப் போனார்கள்.

பார்வதியம்மாள் அடுப்பில் வெந்நீர்ப்பானையை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாக்கு அழுகிப்போகவில்லை. வீடு இடிந்து விழவில்லை. ஆனால் 'அவுக' என்று சொல்கிறவரை அவர் எங்கோ வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பதுபோல ஒரு நினைப்பு அடியில் கிடந்திருக்கிறது. அது அவளுக்கே தெரியாது. பேரைச் சொன்னதும் அதுவும் போய்விட்டது. மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் அவரைக் காட்டிக்கொண்டிருந்ததில் அவருக்காக உட்கார்ந்து அழ நேரம் கிடைத்ததில்லை. இப்போது அழுதாள். அடுப்புப் புகை சாக்காக இருந்தது.

உச்சி சாய்ந்தபிறகு பிள்ளை பிறந்தது. "பொம்பளப் பிள்ள ஆச்சி, நல்ல தொண்டை! தாத்தா மாதிரி மேடையேறிப் பேசும்" என்று தங்கத்தாய் உள்ளேயிருந்து கூவினாள்.

பார்வதியம்மாள் சொம்போடு எழுந்தபோது இரண்டாம் கட்டு வாசலில் நிழலாடியது. சிவசண்முகம்தான். எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் தார்சாவிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கையில் கிழித்தெடுத்த காகிதங்கள். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பிள்ளை பொறந்துட்டு, கேட்டேன். சந்தோசம்மா" என்றார். அப்புறம் நோட்டைப் பிரித்தார். குரலில் உயிரே இல்லை. "எல்லாத்தையும் அடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஐயா அப்போ எங்கனதான் உக்காந்து எழுதுவாக?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம். விளக்கு வைத்ததும் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குத்தான் வருவார். அடுப்புக்கும் அரிசிப்பானைக்கும் நடுவில், இதோ அவள் இப்போது பாய் போட்டுப் படுக்கிற அதே இடத்தில், மணையைப் போட்டு உட்கார்ந்து எழுதுவார். அவள் எதிரே காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டி, "ஏளா, சரியா இருக்கா?" என்பார். அவள் சரி என்றால்தான் அடுத்த பக்கம். ஊரைக் கூட்டிய பேச்செல்லாம் முதலில் கத்தரிக்காய்க்கு முன்னால்தான் அரங்கேறியது.

வாத்தியார் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஞாபகம் இல்ல தம்பி" என்றாள் பார்வதியம்மாள். பிள்ளைக்கு வெந்நீர் மொள்ள அடுக்களைக்குள் திரும்பிப் போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.